அப்பா கேட்ட கேள்விக்கு முதலில் பதில் எழுதுங்கள்

வாசகியின் கடிதத்திலிருந்து: ஐயா, எனக்குச் சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமம். சிவில் என்ஜினீயரிங் முடித்திருக்கிறேன். சி.ஜி.பி.ஏ. 7.4. இரண்டு பாடங்களில் அரியர் வைத்துப் பிறகு தேர்ச்சி பெற்றேன். இரண்டேகால் ஆண்டுகளாக, குளங்களைச் சீரமைக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப் பொறியாளராக இருக்கிறேன். நீர்வளத்தில் முதுகலைப் படிப்பை வெளிநாட்டில், முழு உதவித்தொகையுடன் படிக்க ஆசை. எஸ்.ஓ.பி. என்னும் நோக்கக் கட்டுரை முதல் விசா வரை எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்வதாக ஒரு கன்சல்டன்சி 75,000 ரூபாய் கேட்கிறது. கொடுக்கலாமா? அரியர் இருந்தால் உதவித்தொகை கிடைக்காது என்கிறார்களே, உண்மையா? அப்பா விவசாயி. "குளத்தைப் பற்றிப் படிக்க வெளிநாட்டுக்குப் போகணுமா, இங்கே இல்லாத குளமா?" என்று கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? நான் எழுதிய கட்டுரையை இணைத்திருக்கிறேன்.

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இணைத்திருந்த கட்டுரையை ஒரு முறைதான் வாசிக்க முடிந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள். "தண்ணீர் உயிரின் ஆதாரம். சிறு வயது முதலே எனக்கு நீர்வளத்தின் மீது தீராத ஆர்வம்" என்று தொடங்குகிறீர்கள். தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களில் யாருக்குத்தான் தண்ணீரின் மீது ஆர்வம் இல்லை? நான் இரண்டு ஆண்டுகள் ஒரு தேர்வுக் குழுவுக்காக விண்ணப்பங்களை வாசித்திருக்கிறேன். நீர் சார்ந்த படிப்புக்கு வரும் கட்டுரைகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். நைல் கரையிலிருந்து வருவதும் அதே வாக்கியம், மீகாங் கரையிலிருந்து வருவதும் அதே வாக்கியம். வாசிப்பவருக்கு அதற்குள் மூன்றாவது தேநீர் ஆகியிருக்கும்.

ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் உடைந்த ஒரு குளத்தின் கரையை அளக்கப் போனபோது, ஊர் மடைக்காரர் உங்களை மறுகாலுக்கு, அதாவது குளம் நிரம்பியதும் மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் இடத்துக்கு, அழைத்துப் போய்ப் பழைய கல் ஒன்றைக் காட்டியது. எப்போதோ நடந்த ஒரு மராமத்தில் மறுகாலின் மட்டத்தைக் கான்கிரீட் போட்டு உயர்த்திவிட்டார்கள் என்று அவர் சொன்னது. நீங்கள் அதை நம்பாமல் லெவல் கருவியை வைத்துப் பார்த்ததில் 28 செ.மீ. வித்தியாசம் வந்தது. இதைக் கட்டுரையில் ஏன் எழுதவில்லை? "உள்ளூர் விஷயம், வெளிநாட்டுக்காரர்களுக்குப் புரியாது என்று விட்டுவிட்டேன்" என்கிறீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே அவர்களுக்குப் புரியக்கூடியது அது ஒன்றுதான்.

இப்போது அப்பாவிடம் வருவோம். அவர் கேட்டதைக் கிண்டல் என்று நினைத்துவிட்டீர்கள். தேர்வுக் குழு கேட்பதும் அதே கேள்விதான், கொஞ்சம் மரியாதையான ஆங்கிலத்தில் கேட்கும், அவ்வளவே. ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த நாடு, ஏன் இப்போது, திரும்பி வந்து என்ன செய்வீர்கள்? இந்த நான்கையும் உங்கள் அப்பா ஒரே வரியில் கேட்டுவிட்டார். அவரைத் திண்ணையில் உட்காரவைத்துப் பதில் சொல்லிப் பாருங்கள். "அங்கே தரம் அதிகம்" என்பது பதிலாகாது. அவர் சிரிப்பார், குழு சிரிக்காது, அடுத்த விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளும்.

உங்கள் கடிதத்தை வைத்து நானே ஒரு பதிலைக் கோத்துப் பார்த்தேன். நம் பக்கத்துக் குளங்கள் தனித்தனியாக இல்லை. மேற்குளத்தின் மறுகால் தண்ணீர் கீழ்க்குளத்துக்கு வரத்து. ஒரு குளத்தின் மறுகாலில் கை வைத்தால் கீழே இருக்கும் குளங்கள் அத்தனைக்கும் கணக்கு மாறும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியபோது திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் குளங்கள் உடைந்ததை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள். உங்கள் நிறுவனம் மதிப்பீடு போடும்போது ஒவ்வொரு குளத்தையும் தனித்தனியாகத்தான் கணக்கிடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். தொடர் முழுவதையும் சேர்த்து, இவ்வளவு மழை இத்தனை மணி நேரத்தில் பெய்தால் எந்தக் கரை முதலில் போகும் என்று கணினியில் கணக்கிடும் முறையை உங்களுக்குக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை. அதைத்தான் நீங்கள் போய்ப் படிக்க வேண்டும். கார், பிசானம் என்று இரண்டு சாகுபடிக்கும் தண்ணீர் தேக்கிவைக்க நினைக்கும் விவசாயிக்கு மறுகாலை உயர்த்தத் தோன்றுவதிலும் நியாயம் இருக்கிறது. தேக்கவும் வேண்டும், வெள்ளத்தில் உடையவும் கூடாது. இந்த இழுபறியை உங்கள் அப்பா அறியாதவர் அல்ல. "குளம் இங்கே இருக்கிறது அப்பா, அந்தக் கணக்கு அங்கே இருக்கிறது" என்று அவரிடம் சொல்லுங்கள். அதையே இரண்டு பக்கமாக விரித்தால் உங்கள் நோக்கக் கட்டுரை ஆயிற்று.

விரிக்கும்போது ஒரு வேலை பாக்கியிருக்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கும் படிப்பின் பாடத்திட்டத்தை வரிக்கு வரி வாசிக்க வேண்டும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் நீர்க் கல்விக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. ஜெர்மனியில் டிரெஸ்டன், ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகங்களில் நீர்வள முதுகலை ஆங்கிலத்திலேயே நடக்கிறது. எல்லாம் நீர்தான் என்றாலும் ஒன்று வெள்ள அபாயத்தில் வலுவானது, ஒன்று நிலத்தடி நீரில், இன்னொன்று குடிநீர்ச் சுத்திகரிப்பில். சுத்திகரிப்புப் படிப்புக்கு மறுகால் கதையை அனுப்பினால், கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரும்பி வந்துவிடும். எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் உங்கள் கணக்குக்கு உதவும் என்று பெயரோடு எழுதுங்கள். இரண்டு பாடங்கள் போதும். பேராசிரியர்கள் எல்லாருடைய பெயரையும் அடுக்கி அர்ச்சனை செய்ய வேண்டாம்.

கன்சல்டன்சிக்காரர்களுக்கு 75,000 கொடுக்க வேண்டாம். எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். விசா படிவம் நிரப்புவதில் கைதேர்ந்தவர்கள் அவர்களிலும் உண்டு. ஆனால் இந்தத் தொழிலில் பலருக்கு வருமானம், கட்டணம் வாங்கும் கல்லூரிகள் தரும் கமிஷனில் இருந்து வருகிறது. உதவித்தொகை தரும் அமைப்புகள் கமிஷன் தருவதில்லை. ஆகவே உதவித்தொகை என்று பேச்சைத் தொடங்கி, டிசம்பரில் "அது கிடைக்கவில்லை, கல்விக்கடன் போட்டு இந்தக் கல்லூரிக்குப் போங்கள்" என்று முடிப்பது வழக்கமான பாதை. "எங்களுக்கு உள்ளே ஆள் இருக்கிறது" என்று அவர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஆள் யாரும் இல்லை. கட்டுரையை அவர்கள் எழுதினால் உங்கள் மறுகால் அதில் வராது. அவர்களுக்கு மறுகால் என்றால் என்னவென்றே தெரியாது. தண்ணீர் உயிரின் ஆதாரம்தான் மறுபடி வரும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டாலும் அதுதான் வரும், இலவசமாக. ஆங்கிலத்தைத் திருத்த அதன் உதவியைக் கேட்கலாம். ஆனால் எழுதியவர் நீங்களாக இருக்க வேண்டும். சில இடங்களில் அதன் பயன்பாட்டுக்கே தடை இருக்கிறது, விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, எந்தெந்த உதவித்தொகை உங்களுக்குப் பொருந்தும் என்று பார்ப்போம். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD), வளரும் நாடுகளின் பணியாளர்களுக்கென முதுகலை உதவித்தொகை ஒன்று தருகிறது. ஈபோஸ் (EPOS) என்பார்கள். படிப்பு முடித்தபின் குறைந்தது இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும். கடைசிப் பட்டம் பெற்று ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. பயிற்சிக் காலத்தையும் சேர்த்துக்கொண்டால் இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. மாதம் 992 யூரோவும் காப்பீடும் பயணச் செலவும் கிடைக்கும். இதற்கு உங்கள் களப்பணிதான் மூலதனம் என்பதால், என் கணக்கில் இதுவே உங்களுக்கு முதல் வாய்ப்பு. அடுத்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ். ஒரே படிப்பை இரண்டு மூன்று நாடுகளில் பருவத்துக்கு ஒரு நாடாகப் படிப்பது. மாதம் 1,400 யூரோ, படிப்புக் கட்டணம் இல்லை. போட்டி கடுமையானது. பிரிட்டனின் செவனிங்குக்கு 2,800 மணி நேரப் பணி அனுபவம் வேண்டும், படிப்பு ஓராண்டுதான், முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். அவர்கள் தலைமைப் பண்பைப் பெரிதாகப் பார்ப்பார்கள். உங்கள் கடிதத்தில் அதற்கு ஆதாரம் இப்போதைக்குக் குறைவு. விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் உங்கள் அளவைக் கணக்கை எடுத்துச் சொல்லி ஏதாவது மாறியிருந்தால் அதுவும் தலைமைதான், யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவின் ஃபுல்பிரைட்-நேருவுக்கு மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். அதை இந்த ஆண்டு தொட வேண்டாம்.

உங்கள் குடும்பம் எந்தப் பிரிவில் வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. பொருந்தினால் இரண்டு அரசுத் திட்டங்களையும் பாருங்கள். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்டியல் இனத்தவருக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கும் அதில் சில இடங்கள் உண்டு. பத்தமடையில் பாய் நெய்கிறவர் வீட்டுப் பிள்ளைக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், பட்டத்தில் 60 சதவீதம் வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசும் தனியாக அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை தருகிறது. தாசில்தார் அலுவலகத்தில் வருமானச் சான்றுக்கு இப்போதே மனு கொடுத்துவிடுங்கள், எதற்கும் ஆகும்.

அரியர் பற்றி. தேர்ச்சி பெற்றுவிட்ட அரியரால் வாசல் அடைபடுவதில்லை. மதிப்பெண் பட்டியலில் தெரிந்தால் தெரியட்டும், மறைக்காதீர்கள். கணிதத்தில் வைத்திருந்தால் மட்டும், பிறகு நன்றாகச் செய்த ஒரு கணக்குப் பாடத்தையோ களக் கணக்கையோ ஒரே வாக்கியத்தில் சுட்டுங்கள். வீட்டுக் கஷ்டம், அம்மைநோய் என்று நீட்ட வேண்டாம்.

அரியரைவிட நீங்கள் கவலைப்பட வேண்டியது 7.4-ஐ ஜெர்மானியர்கள் எப்படி மாற்றுவார்கள் என்பதைப் பற்றி. அங்கே 1 என்பது உச்சம், 4 என்பது விளிம்பு. உச்சப் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளியைக் கழித்து, அதை உச்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிப் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுவார்கள். தேர்ச்சிப் புள்ளி 5 என்றால் உங்களுக்கு 2.56 வரும். 4 என்றால் 2.3. பல துறைகள் 2.5-ஐ வரம்பாக வைத்திருக்கின்றன. பார்த்தீர்களா, ஒரே 7.4 ஒரு கணக்கில் உள்ளே, இன்னொன்றில் நூலிழையில் வெளியே. உங்கள் மதிப்பெண் பட்டியலில் குறைந்தபட்சத் தேர்ச்சிப் புள்ளி எது என்று அச்சிட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லாவிட்டால் பல்கலைக்கழகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். துறையின் வரம்பையும் பார்த்த பிறகே எதற்கு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்யுங்கள்.

பரிந்துரைக் கடிதம் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால்தான் நீளமாகச் சொல்கிறேன். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். துறைத் தலைவரிடம் போனால், "நீயே எழுதிக்கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பார். அன்பாகத்தான் சொல்வார், அவருக்கு நேரம் இல்லை. மாணவர் சீனியரிடம் ஒரு மாதிரியை வாங்குவார், பெயரை மாற்றுவார். நான் வாசித்த ஓர் ஆண்டில் ஒரே கல்லூரியிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. எழுத்துக்கு எழுத்து ஒன்றே. இரண்டாவது, ஒரு பெண்ணுக்கு எழுதியது. நடுவில் ஓர் இடத்தில் "அவன்" என்று இருந்ததைத் திருத்த மறந்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் மதிப்பெண் பிரமாதம். இருந்தும் குழுவில் ஒருவர்கூட அவருக்காகப் பேசவில்லை.

ஆகவே பேராசிரியரிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். எழுதி முடித்த கடிதத்தோடும் போகாதீர்கள். ஒரு பக்கக் குறிப்பை எடுத்துப் போங்கள்: அவர் பாடத்தில் நீங்கள் செய்த புராஜெக்ட் என்ன, எந்த ஆண்டு, அதில் எங்கே மாட்டிக்கொண்டீர்கள், அவர் என்ன சொன்னார், இப்போது என்ன வேலை, எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறீர்கள். அதைப் பார்த்தால் அவருக்கே உங்கள் முகம் நினைவுக்கு வரும், நான்கு வரிகள் தாமாக வரும். இரண்டாவது கடிதம் உங்கள் நிறுவனத்தில் உங்களை மேற்பார்வையிடும் பொறியாளரிடமிருந்து வரட்டும். மறுகால் கல்லை அளந்த நாளில் அவர் உடன் இருந்திருந்தால் அதைவிட நல்லது இல்லை. பெரிய மனிதர் என்று சட்டமன்ற உறுப்பினரிடமோ தாளாளரிடமோ வாங்காதீர்கள். உங்களை அறியாதவரின் பெரிய பதவியால் ஒரு பயனும் இல்லை.

இன்னொரு சின்ன விஷயம், பலரைக் கவிழ்த்தது. பல இடங்களில் கடிதத்தை நீங்கள் அனுப்ப முடியாது. இணைய விண்ணப்பத்தில் பேராசிரியரின் மின்னஞ்சலைக் கொடுத்ததும் அவருக்கு ஒரு இணைப்பு போகும். அது நேராகக் குப்பைப் பெட்டியில் விழும். அவர் பார்க்க மாட்டார், நீங்கள் கேட்கக் கூச்சப்படுவீர்கள், கெடு முடிந்துவிடும். கல்லூரி முகவரியில் அவருக்கு மின்னஞ்சல் இருக்கிறதா என்று கேளுங்கள், அதைக் கொடுங்கள். இணைப்பு போன அன்றே நேரில் போய் நில்லுங்கள். அல்வாப் பொட்டலம் எல்லாம் வேண்டாம். கடிதம் போன பிறகு வாங்கிக் கொடுங்கள்.

அடுத்தது பெயர். தமிழர்களுக்கென்றே வாய்த்த தலைவலி இது. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், பட்டத்தில் பின்னால் இருக்கும், ஆதாரில் இனிஷியலே இருக்காது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். நான்கும் ஒரே ஆள்தான் என்று டிரெஸ்டனில் இருக்கும் எழுத்தருக்கு எப்படித் தெரியும்? பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா விண்ணப்பங்களிலும், ஆங்கிலத் தேர்வுப் பதிவிலும் எழுதுங்கள். சான்றிதழ்களில் வேறுபட்டால், எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் திருநெல்வேலி சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம், மதுரைக்கு அலைய வேண்டாம். டெல்ஃப்டில் நான் படித்த இரண்டு ஆண்டுகளும் என்னை என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்க்கப் பழக ஒரு மாதம் ஆனது. ஊரில் அவர் பெயரை உரக்கச் சொல்லவே தயங்கி வளர்ந்தவன் நான்.

பணி அனுபவச் சான்றை இப்போதே கேளுங்கள். "இவர் எங்களிடம் பணிபுரிகிறார், நல்ல நடத்தையுள்ளவர்" என்று ஒரு வரியில் தருவார்கள். அது போதாது. நிறுவனத்தின் முகப்புத் தாளில், சேர்ந்த தேதி, முழுநேரமா பகுதிநேரமா, வாரத்துக்கு எத்தனை மணி, என்னென்ன வேலை என்று இருக்க வேண்டும். நீங்கள் முதல் ஐந்து மாதங்கள் பயிற்சியாளராக இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் கழித்தால் இரண்டு ஆண்டுக்கு இரண்டு மாதம் குறையும். அந்தக் காலத்தைப் பணியாகக் கணக்கில் எடுப்பார்களா என்று படிப்பின் ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். பதில் சொல்வார்கள், அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறார்கள். நம்மவர்களுக்குக் கேட்கத்தான் தயக்கம்.

ஆங்கிலத் தேர்வு: ஐ.ஈ.எல்.டி.எஸ்.ஸில் 6.5 வைத்திருந்தால் பெரும்பாலான கதவுகள் திறக்கும். முடிவு இரண்டு ஆண்டு செல்லும். கட்டணம் அதிகம் என்பதால் பழைய வினாத்தாள்களில் நான்கைந்தைக் கடிகாரம் வைத்து எழுதிப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு எழுத்துப் பகுதிதான் காலை வாரும்.

கெடு ஒவ்வொரு படிப்புக்கும் வேறு. ஈபோஸில் பல படிப்புகள் ஆகஸ்டிலிருந்து நவம்பருக்குள் மூடிவிடும். எராஸ்மஸ் முண்டஸ் அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை ஓடும். செவனிங் ஆகஸ்டில் திறந்து அக்டோபரில் அடைக்கும். எல்லாம் அடுத்த ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் போய்ச் சேர்வதற்கு. மூன்றுக்கு மேல் விண்ணப்பிக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் கட்டுரையின் பின்பாதியைப் புதிதாக எழுத வேண்டியிருக்கும். ஐந்தாவதில் கை சோர்ந்து, டிரெஸ்டனுக்கு அனுப்பும் கட்டுரையில் ஸ்டுட்கார்ட் என்று இருந்துவிடும். டிரான்ஸ்கிரிப்ட் எனும் முழு மதிப்பெண் பட்டியலுக்குப் பல்கலைக்கழகத்தில் பணம் கட்டி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும், அதை முதலில் முடியுங்கள்.

முதல் முறை கிடைக்காமல் போகலாம். எனக்கும் கிடைக்கவில்லை. முதல் விண்ணப்பத்தில் நானும் உயிரின் ஆதாரத்தைத்தான் எழுதியிருந்தேன். மறு ஆண்டு, மருதூர் அணைக்கட்டுக்குக் கீழே ஒரு கால்வாயில் மிதவையை விட்டுத் தண்ணீரின் வேகத்தை அளந்த மூன்று நாட்களை எழுதினேன். மிதவையாக விட்டது ஒரு தேங்காய். நேர்காணலில் அந்தத் தேங்காயைப் பற்றி மட்டுமே கால்மணி நேரம் கேட்டார்கள்.

கட்டுரையைப் புதிதாக எழுதி அனுப்புங்கள், வாசிக்கிறேன். அதற்குமுன் ஒன்று. மறுகாலை அளந்த அன்று எழுதிய அளவைக் குறிப்பேடு உங்களிடம் இருக்கிறதா, அலுவலகத்தில் இருக்கிறதா? தேடி எடுத்து, 28 செ.மீ. எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். கட்டாயம் கேட்பார்கள்.